பென்சில் போன வழி

என் மனைவி கனகேஸ்வரிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா வல்லிபுரம் ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அந்தக் குடும்பத்தில் பிள்ளைகள் எல்லாருமே இங்கிலீஷ் பள்ளிக்குத்தான் போனார்கள். சாமி பாட்டைக்கூட இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறவர்கள். நான் நேர்மாறு. ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறேன். இங்கிலீஷ் கேட்டால் புரியும், நீளமாகப் படிக்கச் சொன்னால் தலை சுற்றும்.

நாங்கள் சந்தித்ததே ஒரு கையெழுத்தால்தான். அவள் அப்போது ஒரு கப்பல் ஏஜென்சியில் கவுண்டரில் இருந்தாள். சரக்கு எடுத்ததற்கு நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன அண்ணே, கையெழுத்தா, கோலமா?"

"என் பேருலா."

"பேருன்னா? என்ன பேரு?"

"கன்னையா. படிக்கத் தெரியாதா?"

"தெரியாது" என்றாள், கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல். எனக்கு அது பிடித்துப்போயிற்று. தெரியாததைத் தெரியாது என்று அவ்வளவு நேராகச் சொல்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

தொண்ணூற்றெட்டில் ஊரெல்லாம் வியாபாரம் படுத்தபோது அந்த ஏஜென்சியை மூடிவிட்டார்கள். அதற்குள் எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. சில மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. இன்டர்நெட்டில் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் பக்கம் போட்டுக் கொடுக்கிற கம்பெனி. முதலாளி பாலனுக்கு வயது முப்பதுகூட இருக்காது, துடிப்பான பையன். கனகாவை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவளுக்குக் கொடுத்த வேலை டைப் அடிப்பது மட்டும்தான். சரக்கு லிஸ்டை டைப் அடித்துப் பழகிய விரல்கள், அதனால் அது அவளுக்குச் சுலபம். கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் ரயிலில் போய் வந்தாள்.

அடுத்த வருஷம் ஒரு நாள் அந்தக் கம்பெனிக்குச் சீதாலெட்சுமி டீச்சர் வந்தார். கிள்ளானில் தமிழ்ப்பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் நடத்துகிறவர், பள்ளியில் முதலாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவர். பள்ளிக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர்கள் வந்திருக்கின்றன, அதில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க ஒரு பக்கம் வேண்டும் என்றார்.

"எழுத்தை வெறும் படமா போட்டுக் குடுக்காதீங்க" என்றாராம். "பிள்ளைங்க படத்தைப் பாத்துப் படம் வரையறாங்க. எங்க ஆரம்பிக்கணும், எந்தப் பக்கம் வளையணும்னு தெரியல. கை போற வழி கண்ணுல தெரியணும். ஒரு பென்சில் தானா நகர்ந்து எழுதிக் காட்டுற மாதிரி செய்ய முடியுமா?"

முடியும் என்று பாலன் சொல்லிவிட்டான். ஆனால் அந்த மாதிரி வேலை தெரிந்த ஒரே ஆள் அதற்கு முந்தின மாதம்தான் சிங்கப்பூருக்குப் போயிருந்தான். பாலனுக்கோ கைநிறைய வேறு வேலை. இன்டர்நெட் பக்கத்தில் பொருள்களை நகரவும் மறையவும் வைக்க நோர்வேயில் ஒரு மாணவன் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு லைப்ரரி எழுதி இலவசமாகப் போட்டிருக்கிறான், அதைக் கற்றுக்கொண்டால் செய்துவிடலாம், ஆனால் யார் உட்கார்ந்து கற்றுக்கொள்வது என்று புலம்பியிருக்கிறான்.

"நான் பாக்கறேன்" என்று சொல்லியிருக்கிறாள் கனகா.

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"லைப்ரரின்னா புத்தகம் இருக்கற இடம்தானே?"

"அது இல்லங்க. ஒருத்தர் ஏற்கெனவே எழுதி வெச்ச வேலை. இந்தப் பொருளை இங்கேருந்து அங்க கொண்டு போன்னு நாம ஒரு வரி எழுதினா போதும். எப்படிக் கொண்டு போறதுன்னு அது பாத்துக்கும். நீங்க லோரி எஞ்சினைச் செஞ்சீங்களா? சாவியைத் திருப்பறீங்க, ஓடுது."

"எஞ்சின் படுத்துக்கிட்டா?"

"அப்ப திறந்து பாக்கணும்" என்றாள். அந்த வார்த்தையை அவள் எவ்வளவு உண்மையாகச் சொன்னாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பாலன் ஆபீஸில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினான். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தோம். அதன் பிறகு நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். காலையில் ரயிலுக்குப் போகும் முன்னும், சாயங்காலம் சமைத்து முடித்த பின்னும் அவள் அதன் முன்னால்தான். அவள் அழுதும் நான் பார்த்ததில்லை, கத்தியும் பார்த்ததில்லை. தப்பு வந்தால் உச்சுக்கொட்டுவாள், மறுபடியும் முதலிலிருந்து படிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் லோரியின் பின்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் திரையில் ஒரு சிவப்புச் சதுரம்.

"பாருங்க" என்று ஒரு பட்டனைத் தட்டினாள். சதுரம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போய் நின்றது.

இதற்காகவா இத்தனை நாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை. அவள் ஒரு எண்ணை மாற்றினாள். சதுரம் மெதுவாக, வயதான ஆள் போவது போலப் போயிற்று. இன்னொன்றை மாற்றினாள். வேகமாகக் கிளம்பி, கடைசியில் பிரேக் பிடித்த மாதிரி இதமாக வந்து நின்றது. லோரி நிறுத்துகிறவனுக்குத் தெரியும் அந்த இதம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெட்டிக்குள் ஒன்றுமே இல்லாத இடத்தில் இவள் சொன்னாள், ஒன்று நகர்ந்தது. சொன்ன வேகத்தில் நகர்ந்தது, சொன்ன இடத்தில் நின்றது.

"இன்னொரு தடவை காட்டு" என்றேன். சிரித்துவிட்டாள்.

அடுத்தது எழுத்து. அங்கேதான் நான் தேவைப்பட்டேன். அவள் கட்டம் போட்ட தாள் வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள்.

"அ எழுதுங்க."

எழுதினேன்.

"எங்கேருந்து ஆரம்பிச்சீங்க?"

எனக்குத் தெரியவில்லை. ஆறு வயதிலிருந்து எழுதுகிறேன். கை தெரிந்து வைத்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் எழுதினேன்.

"மெதுவா எழுதுங்கலா."

"மெதுவா எழுதினா கை மறந்துடுது, கனகா."

அவள் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. நான் இயல்பான வேகத்தில் திரும்பத் திரும்ப எழுத, அவள் பக்கத்தில் குனிந்து என் பேனா முனையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். சுழியில் தொடங்குகிறேன், மேலே வளைந்து இறங்குகிறேன், கீழே சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போகிறேன், அங்கே கையை எடுத்து, மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுகிறேன். என் கை செய்வதை அவள் எனக்குச் சொன்னாள். படிக்கத் தெரியாதவள், நான் எழுதுவதை என்னைவிட நன்றாகப் பார்த்துவிட்டாள்.

பிறகு தாளில் புள்ளி வைத்து, கட்டத்தை எண்ணி, ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண்களை எழுதிக்கொண்டாள். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் பென்சில் படத்தை நகர்த்தச் சொன்னாள். நகர்ந்தது. போன இடமெல்லாம் சிவப்புப் புள்ளி விட்டுக்கொண்டே போயிற்று. ஆனால் வளைவில் தடக் தடக் என்று முட்டி முட்டித் திரும்பியது, குண்டும் குழியுமான ரோட்டில் காலி டிரெய்லர் போவது மாதிரி.

"நல்லாத்தானே இருக்கு" என்றேன், அவள் மனசுக்காக.

"பொய் சொல்லாதீங்க. இப்படியா எழுதறீங்க நீங்க?"

சில நாள் கழித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த லைப்ரரியில் பொருளை வட்டமாகச் சுற்ற வைக்கவும் ஒரு வழி இருந்தது. வட்டத்தின் நடு எங்கே, எவ்வளவு பெரிசு, எங்கே தொடங்கி எங்கே நிறுத்த வேண்டும் என்று சொன்னால் போதும். நோர்வேக்காரன் அதை எதற்கு வைத்தானோ, படங்களைச் சும்மா சுற்றவிடத்தான் வைத்திருப்பான். கனகா என்னுடைய அ-வை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் பள்ளியில் பயன்படுத்தும் காம்பஸால் அதன் மேல் வட்டம் வட்டமாகப் போட்டுப் பார்த்தாள். சுழி ஒரு சின்ன வட்டம். வளைவு ஒரு பெரிய வட்டத்தின் பாதி. கீழ்ச் சுற்று இன்னொரு வட்டத்தின் முக்கால்.

"உங்க தமிழ் பூரா வட்டம்தான் போல!" என்று துள்ளினாள்.

"உங்க தமிழ் இல்ல, நம்ம தமிழ்."

"சரி, நம்ம தமிழ். இ எழுதுங்க."

அன்றைக்குப் பென்சில் வழுக்கிக்கொண்டு போயிற்று. என் கை போவது மாதிரியே போயிற்று. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அது அ எழுதுவதை எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியாது. என் கையை யாரோ கண்ணாடிக்குள் வைத்துக் காட்டின மாதிரி இருந்தது.

உயிரெழுத்துகள் முடிந்ததும் சங்கத்தின் கூட்டத்தில் காட்டுவதாக ஏற்பாடு. கிள்ளானில் ஒரு மண்டபம். பெற்றோர்கள், ஆசிரியர்கள் என்று நிறையப் பேர் வந்திருந்தார்கள். சங்கத்துக்காரர்கள் ஒரு கம்ப்யூட்டரையும் பெரிய திரையையும் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். கனகா நீலச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பாலன் டை கட்டியிருந்தான். சீதாலெட்சுமி டீச்சர் பேசி முடித்து, "இப்ப பாருங்க, எழுத்து தானா எழுதும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கனகா பட்டனைத் தட்டினாள். அ எழுதும் பக்கம் வந்தது. பென்சில் சுழியின் தொடக்கத்தில் நின்றது. நின்றது, நின்றபடியே இருந்தது. திரையின் கீழ் மூலையில், ஏதோ தப்பு என்று காட்டும் ஒரு சின்ன மஞ்சள் முக்கோணம் மட்டும் வந்தது. மறுபடியும் தட்டினாள். நகரவில்லை. ஆ-வுக்குப் போனாள், அங்கேயும் அதேதான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லாரும் மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. கனகா எழுந்து நின்று மைக்கை வாங்கினாள்.

"எங்க ஆபீஸ்ல இது நல்லா ஓடுச்சு. இந்தக் கம்ப்யூட்டர்ல வேற பிரவுசர் இருக்கு, அதுல ஓடல. ஏன்னு எனக்கு இப்ப தெரியாது. கண்டுபிடிச்சிட்டு உங்களைக் கூப்பிடறேன்."

அவ்வளவுதான். சாக்குச் சொல்லவில்லை. அந்த லைப்ரரி எல்லாப் பிரவுசருக்கும் பொது, கவலைப்பட வேண்டாம் என்று சொன்னவன் பாலன்தான், அவன் பெயரையும் இழுக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பாலன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சாரி அக்கா, நான் ரெண்டு பிரவுசர்லயும் ஓட்டிப் பாத்திருக்கணும். இனிமே ரிஸ்க் வேணாம். பெரிய எழுத்தா படத்தைப் போட்டு, பக்கத்துல அம்புக்குறி போட்டுடலாம். யாரும் குறை சொல்ல மாட்டாங்க."

"நான் சொல்வேன்ல" என்றாள் கனகா. "கொஞ்ச நாள் குடு, பாலன்."

பாலன் கொடுத்தான், அதை நான் சொல்லியே ஆகவேண்டும். வேறொரு முதலாளி கொடுத்திருக்க மாட்டான்.

திங்கட்கிழமை அவள் அந்த லைப்ரரி முழுவதையும் ஆபீஸ் பிரிண்டரில் அச்சடித்து எடுத்து வந்தாள். தலையணை உயரத்துக்கு இல்லை என்றாலும் நல்ல கனமான கட்டு. அதுவரை அவள் சாவியைத் திருப்பத்தான் கற்றிருந்தாள். இப்போது எஞ்சினைத் திறந்துவிட்டாள். ரயிலில் போகும்போதும் வரும்போதும் முதல் வரியிலிருந்து படித்தாள். ஏஜென்சியில் இருந்தபோது சரக்குப் பத்திரங்களை அப்படித்தான் சரிபார்ப்பாளாம். ஒரு எழுத்து மாறினால் கண்டெய்னர் வேறு துறைமுகத்துக்குப் போய்விடும், அதனால் 'இது சரியாத்தான் இருக்கும்' என்று எந்த வரியையும் தாண்டக் கூடாது என்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் ஸ்டேஷனில் அவளைக் கூட்டிவரப் போயிருந்தேன். ரயிலிலிருந்து இறங்கியவள் என்னைப் பார்த்ததும் நின்ற இடத்திலிருந்தே தாள்கட்டை ஆட்டிக் காட்டினாள்.

"கிடைச்சிருச்சு!"

பிளாட்பாரத்து பெஞ்சிலேயே உட்கார வைத்து விளக்கினாள். பென்சிலை நகர்த்தும் முன்னால் லைப்ரரி அந்தப் பக்கத்திடம் ஒரு கேள்வி கேட்கிறதாம்: பென்சில் இப்போது எங்கே இருக்கிறது? ஆபீஸில் இருக்கும் பிரவுசர் எண்ணைச் சொல்கிறது. மண்டபத்தில் இருந்ததோ, பென்சிலின் இடத்தை ஒரு குறிப்பிட்ட முறையில் எழுதியிருந்தால்தான் பதில் சொல்லும். இல்லையென்றால் வெறுமனே இருந்துவிடும்.

"பதிலே வரலன்னா, அதோட பத்தைக் கூட்டுன்னா எதைக் கூட்டும்? அதான் அப்படியே நின்னுடுச்சு. அதே கேள்வியை இன்னொரு விதமா கேட்டா அந்தப் பிரவுசரும் சொல்லுது. நான் ரெண்டு வரி சேத்தேன். ரெண்டுலயும் ஓடுது."

"அப்ப தப்பு உன்னோடது இல்ல?"

"தப்பு யாரோடதுங்கறது எதுக்குங்க? அந்த நோர்வேக்காரரு தனியா உக்காந்து இவ்வளவும் எழுதியிருக்காரு. ஒவ்வொரு வரியையும் படிச்சேன். எவ்வளவு அழகா யோசிச்சிருக்காரு தெரியுமா? ஒரே ஒரு இடத்துல இது விட்டுப்போச்சு."

தன்னை அத்தனை பேர் முன்னால் நிற்க வைத்துவிட்ட ஆளை அவள் அப்படிப் புகழ்ந்துகொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது. அவள் வந்த ரயில் எப்போதோ போய், பிளாட்பாரமே காலியாகிவிட்டது.

நோர்வே மாணவனுக்கு ஈமெயில் எழுதினாள். எங்கே விட்டுப்போயிற்று, எப்படிச் சரிசெய்தாள், இதை எதற்குப் பயன்படுத்துகிறாள் என்று எல்லாம் சொல்லி, அந்த எழுத்துப் பக்கத்தையும் கூடவே அனுப்பினாள். இரண்டொரு நாளில் பதில் வந்தது. கனகா அதை எனக்குத் தமிழில் சொன்னாள். நீங்கள் சொல்வது சரி, நான் இடத்தை எப்போதும் ஒரே முறையில் எழுதிப் பழகியதால் இது என் கண்ணில் படவே இல்லை, அடுத்த பதிப்பில் உங்கள் பெயரோடு சேர்க்கிறேன் என்று எழுதியிருந்தான். இந்த வட்ட வேலையை வைத்து யாராவது எழுத்து எழுதுவார்கள் என்று நினைத்ததே இல்லை, உங்கள் எழுத்துகள் மிக அழகு, ஒரு நாள் முழுக்க அந்த வளைவுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றும் எழுதியிருந்தான்.

"யாரு எழுத்து அது?" என்றேன் மார்பை நிமிர்த்திக்கொண்டு.

"உங்க எழுத்துதாங்க. அவருக்கு அதையும் எழுதிட்டேன். லோரி ஓட்டற என் புருஷன் கைன்னு."

தண்ணீர் குடிக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

இந்தத் தடவை கூட்டம் எதுவும் வேண்டாம், நேராகப் பிள்ளைகளிடமே காட்டலாம் என்று டீச்சர் சொன்னார். பள்ளியின் கம்ப்யூட்டர் அறை சின்னது. முதலாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று நான்கு பேராக நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நான் லீவு போட்டுவிட்டு வந்து கதவோரம் நின்றேன். பாலன் முதலிலேயே ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய், இரண்டு பிரவுசரிலும் ஓட்டிப் பார்த்துவிட்டான்.

கனகா முன்னால் இருந்த கம்ப்யூட்டரில் தட்டினாள், பிள்ளைகளும் கூடவே தட்டினார்கள். பென்சில் சுழியில் தொடங்கியது. மேலே வளைந்தது, இறங்கியது, கீழே சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போயிற்று. எழும்பி, மேலே போய், நேராகக் கீழே இறங்கியது.

அறையில் சத்தமே இல்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் விரலை நீட்டிக் காற்றில் சுழி போட்டாள். பக்கத்துப் பையன் அவளைப் பார்த்து அவனும் போட்டான். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க விரல்கள். எல்லா விரலும் ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே பக்கம் வளைந்து, ஒன்றாக எழும்பி, ஒன்றாகக் கோடு போட்டன. கை தட்ட யாருக்கும் தோன்றவில்லை, கை காலியாக இல்லையே. சீதாலெட்சுமி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நான் கனகாவைப் பார்த்தேன். அவளும் இடுப்புக்குப் பக்கத்தில், யாருக்கும் தெரியாமல், ஒரு விரலால் எழுதிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் மெய்யெழுத்துகளையும் போட்டு முடித்திருந்தாள். அவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். பிள்ளைகள் சளைக்காமல் கூடவே வந்தார்கள். ழ் வந்தபோது அதன் வாலில் பாதிப் பேர் பின்தங்கிவிட்டார்கள். ஒரு பையன், "ஆன்டி, பென்சில் ஓடிருச்சு!" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள்.

கனகா சிரிக்கவில்லை. குனிந்து திரையைப் பார்த்தாள், இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

"ஆமா, அந்த வளைவுல ரொம்ப வேகமா போவுது" என்று அந்தப் பையனிடம் மரியாதையாகச் சொன்னாள். "இரு, மாத்திடறேன்."

அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.